1982: கொழும்பின் ஆண்டும் மன்னார்க் கரையின் ஆண்டும்

இன்றைய சொற்பொழிவின் பொருள் தொலைக்காட்சி. எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று அறிவுரை கூறுவது இதன் நோக்கம் அன்று. இலங்கையில் தொலைக்காட்சி மாறிய ஆண்டு எது, அந்த மாற்றம் இந்த மன்னார்க் கரைக்கு எப்போது வந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது, இன்னும் வந்து சேராதது எது என்பவற்றை ஆராய்வதே இதன் நோக்கம்.

நூல்களைப் புரட்டினால் விடை எளிது. 1979 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, சுயாதீனத் தொலைக்காட்சி வலையமைப்பு கொழும்பையும் அதன் சுற்றுப்புறங்களையும் மட்டுமே எட்டக்கூடிய சிறு ஒளிபரப்பைத் தொடங்கியது. தனியார் முயற்சியாகப் பிறந்த அந்த நிலையத்தை அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே அரசு பொறுப்பேற்றது. பின்னர் 1982 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, ஜப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்த கலையகங்களிலிருந்தும் கோபுரங்களிலிருந்தும் அவ்வாண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி நாடு தழுவிய வர்ண ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆகவே மாற்றத்தின் ஆண்டு 1982 என்று வரலாறு எழுதுவோர் எழுதிவிட்டனர். அது பிழையன்று. ஆனால் அது யாருடைய ஆண்டு? கொழும்பின் ஆண்டா, கண்டியின் ஆண்டா, பேசாலையின் ஆண்டா, அரிப்பின் ஆண்டா?

இக்கேள்விக்கு முதல் விடையைத் தருவது அரசியல் அன்று, பூமியின் வளைவு. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது, பூமியோ உருண்டையானது, ஆகவே ஒரு கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, அடிவானத்தைத் தாண்டியதும் தரையைத் தொடாமல் மேலே போய்விடுகிறது. ஒளிபரப்பியின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால், அந்த அலை எத்தனை கிலோமீற்றர் தூரம்வரை கடல்மட்டத்தில் தெளிவாகக் கிடைக்கும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். மாணவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ரூபவாஹினியின் முதன்மை ஒளிபரப்பி நின்ற பீதுருதாலகாலை மலை இலங்கையிலேயே உயர்ந்தது. அதன் உயரம் 2,524 மீற்றர். கணக்கைப் போட்டால் விடை 200 கிலோமீற்றர் அளவில் நிற்கிறது. மன்னார் நகரமோ அம்மலையிலிருந்து 230 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த மலையுச்சியில் ஏறி நின்று அனுப்பிய படமும் மன்னார்த் தீவின் வாசல்வரை வந்து தயங்கி நின்றது என்பதே அக்கணக்கின் பொருள்.

இக்குறையை அறிந்துதான் வடக்குக்கென்று மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, ஏ-9 வீதியை அடுத்த கொக்காவிலில், ஒரு மீளொளிபரப்பு நிலையம், அதாவது தலைமை நிலையத்தின் அலையை வாங்கி மறுபடியும் வலுவூட்டி அனுப்பும் நிலையம், அமைக்கப்பட்டது. அலை வந்தது, ஆனால் அந்த அலையில் யாருடைய மொழி வந்தது? ஒரே அலைவரிசையைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் பங்கிட்டபோது, தமிழுக்குக் கிடைத்தது மாலைப் பொழுதின் செய்தியும் அதைச் சூழ்ந்த சிறு நேரமுமே. அந்தச் சிறு நேரத்திலும் அக்கறையோடு உழைத்த தமிழ்க் கலைஞர்களையும் அறிவிப்பாளர்களையும் குறைத்து மதிப்பிடலாகாது. குறை அவர்களுடையதன்று; ஒரு மக்கள் கூட்டத்தின் ஒரு நாள் வாழ்வை அந்தச் சிறு நேரத்துக்குள் அடக்கிவிடலாம் என்று எண்ணிய திட்டத்தினுடையது.

இந்த இடத்தில் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பாக்கு நீரிணையின் குறுக்கே அலைகள் பயணம் செய்தது தொலைக்காட்சியோடு தொடங்கியதன்று. அதற்கு முன் அலைகள் இங்கிருந்தே அங்கு சென்றன. 1950களிலிருந்து இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழ்நாட்டின் ஊர்களெல்லாம் கேட்டன. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் இராமநாதபுரத்திலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் தேநீர்க் கடைகள்தோறும் ஒலித்தன. தமிழ்த் திரைப்பாடலை வானொலியில் எப்படி அறிமுகம் செய்ய வேண்டும், நேயரோடு எப்படிப் பேச வேண்டும் என்பதைக் கடலுக்கு இப்பாலிருந்தே அப்பால் கற்றுக்கொண்டது. சின்னஞ்சிறு நாடு ஒன்று, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய அயலாரின் செவியைத் தமிழால் வென்றிருந்த காலம் அது. அத்தகைய நாட்டின் வடமேற்குக் கரையில் வாழ்ந்த தமிழ்பேசும் மக்கள், தொலைக்காட்சி வந்தபோது தம் அன்ரனாக்களை எந்தப் பக்கம் திருப்பினார்கள்?

கடலின் பக்கம் திருப்பினார்கள். 1980களில் தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலையில் இந்திய அரச தொலைக்காட்சியான தூர்தர்ஷன் உயர்திறன் ஒளிபரப்பியை நிறுவியது. மன்னாரிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். மேலே சொன்ன கணக்கின்படி அந்தப் படம் இங்கு வரவே கூடாது. ஆனாலும் வந்தது. அதற்கும் காரணம் உண்டு. காற்று ஓய்ந்த வெக்கை நாள்களில், கடற்பரப்பை ஒட்டிய ஈரக்காற்றின்மேல் வெப்பமான வறண்ட காற்று ஒரு படலமாகப் படிகிறது. மேலே போய் மறைந்துவிட வேண்டிய அலை அப்படலத்தால் கீழ்நோக்கி வளைந்து, கடலை ஒட்டியே நெடுந்தூரம் ஓடிவருகிறது. மலைகளும் கட்டடங்களும் குறுக்கிடாத மன்னார்க் குடாக்கடலும் பாக்கு நீரிணையும் இத்தகைய ஓட்டத்துக்கு மிக வாய்ப்பான வெளிகள். சோளகம் பலத்து வீசினால் படம் குலையும். காற்று விழுந்தால் படம் தெளியும். வலை விடுவதற்குக் காற்றைப் பார்த்த மக்கள், படம் பார்ப்பதற்கும் காற்றைப் பார்த்தார்கள்.

அந்த அன்ரனாக்களைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது தகும், ஏனெனில் எந்த அரச ஆவணத்திலும் அவை பதிவாகவில்லை. வீட்டுக் கூரையைவிட இரண்டு மூன்று மடங்கு உயரமான இரும்புக் குழாய். குழாய்க்கு வசதி இல்லாத இடத்தில் நெடிய மரக்கம்பம். நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி. உச்சியில் அலுமினியக் குச்சிகள் வரிசையாகப் பொருத்திய அன்ரனா. அதன் அடியில், மெலிந்து வரும் அலையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் என்ற சிறு பெட்டி. உப்புக்காற்று அந்த அலுமினியத்தை விட்டுவைக்காது; குச்சிகள் வெளிறி, துளைவிட்டு, முறிந்து விழ, அவற்றை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். மாலையானதும் ஒருவர் கம்பத்தடியில் நின்று அதைத் திருக, வீட்டுக்குள்ளிருந்து மற்றவர், "வருதோ?" என்ற கேள்விக்கு, "இல்லை, இன்னும் கொஞ்சம் மேற்காலை, போதும், போதும், விட்டிட்டு வாங்கோ!" என்று குரல் கொடுப்பது தலைமன்னார்த் துறையிலிருந்து வங்காலை வரைக்கும் ஒன்றுபோல் ஒலித்த மாலைப்பேச்சு. வெள்ளிக்கிழமை இரவு சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒளியும் ஒலியும்' என்ற திரைப்பாடல் நிகழ்ச்சிக்காகவும், 1987 ஜனவரியில் ஞாயிறு காலைகளில் தொடங்கிய இராமாயணத் தொடருக்காகவும் அண்டை அயலார் ஒரு வீட்டில் கூடினர். அத்தொடரின் மொழி ஹிந்தி. ஆயினும் கதை எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்ததால் மொழி தடையாகவில்லை.

இது மன்னாருக்கு மட்டும் நேர்ந்த வினோதமா? அன்று. உலகின் மறுகோடியில், அயர்லாந்துத் தீவில், இதே காட்சி ஒரு தலைமுறைக்கு முன்பே நிகழ்ந்திருக்கிறது. 1950களில் அயர்லாந்துக் குடியரசுக்குச் சொந்தத் தொலைக்காட்சி இல்லை. ஆனால் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இருந்த பிரித்தானிய ஒளிபரப்பிகளின் அலை கடலையும் எல்லையையும் தாண்டி வந்ததால், தலைநகரான டப்ளினிலும் கிழக்குக் கரையிலும் வீட்டுக் கூரைகள்தோறும் அன்ரனாக்கள் முளைத்தன. நீண்ட போராட்டத்தின் பின் எந்த ஆட்சியிலிருந்து விடுபட்டார்களோ, அந்த நாட்டின் படங்களையே ஒவ்வொரு மாலையும் தம் கூடத்தில் அமர்ந்து பார்க்கும் நிலை அம்மக்களுக்கு ஏற்பட்டது. 1961 டிசெம்பர் 31 ஆம் திகதி இரவு அயர்லாந்தின் சொந்தத் தொலைக்காட்சியான டெலிஃபீஸ் ஏரன் தொடங்கியபோது, நாட்டின் தலைவர் ஏமன் டி வலேரா ஆற்றிய உரை மகிழ்ச்சியைவிட அச்சத்தையே அதிகம் புலப்படுத்தியது. அணுசக்தியைப் போல இதுவும் அளவிறந்த நன்மைக்குப் பயன்படலாம், ஈடுசெய்ய முடியாத கேட்டையும் விளைக்கலாம் என்று அந்த முதியவர் முதல் இரவிலேயே தம் மக்களை எச்சரித்தார்.

ஒற்றுமை இவ்வளவே, வேற்றுமை இதனினும் ஆழமானது. அயர்லாந்தில் அயலாரின் அலையைப் பெற்றவர்கள் தலைநகரத்தார்; மேற்குக் கரையின் ஏழை மீனவரும் உழவரும் பெற்றது உள்நாட்டின் ஒற்றை அலைவரிசை. இலங்கையில் இது தலைகீழ். தலைநகரம் தன் சொந்த நிலையத்தைப் பார்க்க, விளிம்பில் வாழ்ந்தவர்கள் அயலாரைப் பார்த்தார்கள். அயர்லாந்து இந்தச் சமமின்மையை ஒரு பொதுப் பிரச்சினையாகக் கண்டது. 1970களின் நடுப்பகுதியில், பிரித்தானிய அலைவரிசை ஒன்றை அப்படியே வாங்கி நாடெங்கும் மீளொளிபரப்புவதா, அல்லது சொந்தமாக இரண்டாவது அலைவரிசை ஒன்றைத் தொடங்குவதா என்ற கேள்வி எழுந்தபோது, அமைச்சர் கானர் குரூஸ் ஓ'பிரையன் முதலாவதை விரும்பினார். மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பான்மையோர் சொந்த அலைவரிசையே வேண்டும் என்றனர். 1978 நவம்பர் 2 ஆம் திகதி அது பிறந்தது. எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று அங்கு ஓர் அரசு தன் மக்களைக் கேட்டது. மன்னார்க் கரையில் வாழ்ந்தவர்களிடம் இக்கேள்வியை யாராவது கேட்டார்களா? கொழும்பு கேட்டதா? சென்னையோ டில்லியோ கேட்க வேண்டிய கடமை இல்லை, கொழும்புக்கு இருந்தது.

கேட்பதற்குப் பதில் வந்தது போர். 1990 ஆம் ஆண்டை இக்கரையின் தொலைக்காட்சி வரலாற்றில் இருண்ட ஆண்டு என்று சொல்வது உருவகம் அன்று. அவ்வாண்டு ஜூன் மாதம் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே சண்டை மறுபடி மூண்டது. ஜூலையில் கொக்காவில் ஒளிபரப்பு நிலையத்தைக் காத்துநின்ற சிறு இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. வடக்குக்கான ரூபவாஹினியின் அலை அதோடு அறுந்தது. தலைமன்னார்ப் புகையிரதப் பாதை மூடப்பட்டது. ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டு, தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டு, பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தனர். அந்த வீடுகளின் அன்ரனாக்கள் யாருக்காக நின்றன? பெருநிலப்பரப்பில் மின்சாரம் இல்லை. பற்றரிகளுக்கும் எரிபொருளுக்கும் தடை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டிலும் அது துணி போர்த்திய மரச்சாமானாகவே இருந்தது. ஒளிபரப்பின் வரலாற்றை எழுதுவோர் புதிய அலைவரிசைகளின் தொடக்க நாள்களையே வரிசைப்படுத்துகின்றனர். அலைகள் அணைந்த ஆண்டுகளையும் எழுதினால்தான் இக்கரையின் வரலாறு முழுமை பெறும்.

இனி 1995 ஆம் ஆண்டுக்கு வருவோம். இக்கரையின் உண்மையான மாற்றத்தின் ஆண்டு எது என்று கேட்டால், பலரும் 1982 ஐ விட்டு இதனையே சுட்டுவர். அவ்வாண்டில்தான் இராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனின் கோபுரம் எழுந்தது. அதன் உயரம் 323 மீற்றர். இந்தியாவிலேயே மிக உயர்ந்த தொலைக்காட்சிக் கோபுரம். பெருநகரங்களான டில்லிக்கும் மும்பைக்கும் சென்னைக்கும் கிடைக்காத அந்த உயரம், ஒரு சிறு கோயில் தீவுக்குக் கிடைத்தது. வர்க்கமூலக் கணக்கை மீண்டும் போட்டால் 72 கிலோமீற்றர் என்று விடை வருகிறது. அதோடு வீட்டு அன்ரனாவின் உயரம் தரும் சில கிலோமீற்றரைச் சேர்த்துக்கொள்ளலாம். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீற்றர்; மன்னார் நகருக்கும் அதற்கும் இடையே 75. ஆகவே காற்றைப் பார்த்து, பருவத்தைப் பார்த்து, கடவுளை வேண்டிப் பெற்ற படம், இப்போது வீட்டுக்கு வீடு நாள்தோறும் தெளிவாக வந்தது. 1914 இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் 1964 டிசெம்பர்ப் புயலோடு அப்பாதையை இழந்தது. பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியதும் 1980களில் நின்றுபோயிற்று. ஆட்கள் கடக்க முடியாத கடலைப் படங்கள் கடந்தன.

அந்தப் படங்கள் இக்கரைக்கு அளித்த ஆறுதலை யாரும் மறுக்க முடியாது. குண்டுச் சத்தத்துக்கிடையே வளர்ந்த பிள்ளைகள் தம் தாய்மொழியில் ஒரு பாடலையும் ஒரு நகைச்சுவையையும் கேட்டார்கள் என்றால் அந்தக் கோபுரத்துக்கு நன்றி சொல்லவே வேண்டும். ஆனால் நன்றி சொல்லிய வாயால் மற்றொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அயலாரின் தொலைக்காட்சி அயலாருக்காகவே பேசும், அது இயல்பு, அதில் குற்றமில்லை. வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும்போது இராமேஸ்வரம் மீனவர் கடலுக்குப் போகலாமா என்பதை அது சொல்லும். பேசாலை மீனவர் போகலாமா என்பதைச் சொல்லாது. அங்கு எந்தப் பாடசாலைக்கு விடுமுறை என்று சொல்லும்; இங்கு எந்த வீதி வெள்ளத்தில் மூழ்கியது என்று சொல்லாது.

இதனிலும் கூர்மையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது இந்த அவையில் இருக்கும் பலருடைய வயிற்றோடு தொடர்புடையது. தமிழ்நாட்டின் இழுவைப் படகுகள், கடலின் அடித்தளத்தையே வாரி இழுக்கும் மடிகளோடு, இக்கரைக்கு அண்மையில் வந்து தொழில் செய்வதும், அதனால் இங்குள்ள சிறுதொழிலாளரின் வலைகள் அறுந்து போவதும் நீண்டகாலத் துயரம். இலங்கை 2017 ஆம் ஆண்டில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. இச்செய்தி அக்கரைத் தொலைக்காட்சிகளில் எவ்வாறு தோன்றுகிறது? இலங்கைக் கடற்படையினரால் கைதுசெய்யப்பட்ட மீனவர், கரையில் அழுதுநிற்கும் அவர்தம் குடும்பம், பறிமுதலான படகு. இவை உண்மையான துயரங்கள்தாம், அவற்றைக் காட்டுவது அவர்களின் கடமையும்தான். ஆனால் விடியற்காலையில் வலையைத் தேடிப் போய், அறுந்த மிதவைகளை மட்டும் வள்ளத்தில் போட்டுக்கொண்டு திரும்பும் தலைமன்னார்த் தொழிலாளியின் முகம் அங்கு தோன்றுவதில்லை. கொழும்பின் சிங்கள அலைவரிசைகளில் இச்செய்தி கடல் எல்லையின் செய்தியாகவும் இறைமையின் செய்தியாகவும் வருகிறது. அங்கும் அந்த முகம் பெரும்பாலும் இல்லை. இரண்டு திரைகளுக்கும் நடுவே, இரண்டிலும் இல்லாமல், ஒரு மனிதன் கடன்பட்டு வாங்கிய வலையை இழந்து நிற்கிறான். தனக்கென்று ஒரு திரை இல்லாத கரை எதை இழக்கிறது என்ற கேள்விக்கு இதனினும் தெளிவான விடை தேவையா?

இலங்கையில் தமிழுக்கென்று தனி அலைவரிசைகள் பின்னர் வந்தன என்பதைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. 1998 இல் தனியார் துறையில் சக்தி தொலைக்காட்சி தொடங்கியது. 2008 இல் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் நேத்ரா அலைவரிசையும், போர் முடிந்த சில வாரங்களில், 2009 ஜூன் மாதம், சுயாதீனத் தொலைக்காட்சியின் வசந்தம் அலைவரிசையும் பிறந்தன. 2011 இல் கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் திறக்கப்பட்டது. அலை திரும்பி வந்தது, மொழியும் வந்தது. ஆயினும் இவற்றின் தலைமைக் கலையகங்கள் தலைநகரிலேயே அமைந்தன. ஒளிப்பதிவுக் கருவி மன்னாருக்கு எப்போது வருகிறது? ஓகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்கு வருகிறது; சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்துக்கு வருகிறது; தேர்தலுக்கு வருகிறது; புயலுக்கு வருகிறது. வந்து, பார்த்து, படம் பிடித்துக்கொண்டு போகிறது. விருந்தாளியாக வருபவர் விழாவைக் காண்பார், வீட்டைக் காண்பாரா?

இங்கேதான் அயர்லாந்திடமிருந்தும் அதன் அயல்நாடான வேல்ஸிடமிருந்தும் கற்பதற்கு உண்டு. ரூபவாஹினி பிறந்த அதே 1982 ஆம் ஆண்டு, நவம்பர் முதலாம் திகதி, வேல்ஸில் வெல்ஷ் மொழிக்கென்று எஸ்.4.சி என்ற அலைவரிசை தொடங்கியது. அதைத் தருவதாகச் சொன்ன பிரித்தானிய அரசு பின்வாங்கியபோது, முதுபெரும் தலைவர் குவின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக 1980 இல் அறிவித்தார், அரசு இணங்கியது. அயர்லாந்திலோ ஐரிஷ் மொழி அரசியலமைப்பின்படி முதல் ஆட்சிமொழி; ஆனால் அம்மொழியை அன்றாடம் பேசும் மேற்குக் கரை மக்களுக்குத் தொலைக்காட்சியில் கிடைத்தது சிறு பங்கே. சட்டத்தில் அரியணை, திரையில் திண்ணை. 1987 ஆம் ஆண்டில், கொனமாராப் பகுதியின் ரொஸ் முக் என்ற சிற்றூரில், அம்மக்கள் அனுமதி எதுவும் இன்றித் தாமே ஓர் ஒளிபரப்பியை இயக்கித் தம் மொழியில் நிகழ்ச்சிகளைக் காட்டினர். ஒரு சிற்றூரால் இது முடியும் என்பதை நாடு கண்டது. ஒன்பது ஆண்டுகளின் பின், 1996 ஒக்டோபர் 31 ஆம் திகதி, இன்று டி.ஜி.4 என்று அழைக்கப்படும் ஐரிஷ் மொழி அலைவரிசை பிறந்தது.

அந்த அலைவரிசையின் தலைமையகம் எங்கே அமைந்தது என்பதை இந்த அவை கருத்தூன்றி நோக்க வேண்டும். டப்ளினில் அன்று. கால்வே மாவட்டத்தில், அத்திலாந்திக் கரையோரம், அம்மொழியைக் கடையிலும் தேவாலயத்திலும் படகிலும் பேசும் மக்களின் நடுவே, பல்யா ந ஹவன் என்ற சிற்றூரில் அமைந்தது. அதனால் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் படத்தொகுப்பும் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் உள்ளூரிலேயே கிடைக்கும் தொழில்களாயின. மீனவர் பேசும் பேச்சுவழக்கு திருத்தப்பட வேண்டிய குறையாக அல்லாமல் ஒளிபரப்பின் மொழியாகவே ஏற்கப்பட்டது. ஒரு மொழிக்கு அலைவரிசை கொடுப்பது ஒரு படி; அந்த அலைவரிசையை அம்மொழி வாழும் இடத்தில் குடியமர்த்துவது அதற்கு அடுத்த படி. இலங்கை முதற்படியில் நிற்கிறது.

மன்னாரில் அப்படிக் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போரும் உளர். என்ன இல்லை? மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு மரபுகளாகப் பாடியாடப்படும் நாட்டுக்கூத்து இருக்கிறது. விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தில் எந்த இடத்தில் அண்ணாவியார் தாளத்தை மாற்றுகிறார் என்பதை ஊர்ப் பிள்ளை அறிவான், வெளியூர் ஒளிப்பதிவாளர் அறியமாட்டார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் ஒரு தலைமுறையை வளர்த்து, திரும்பி வந்து, பற்றை மூடிய வளவைத் துப்புரவாக்கிய குடும்பங்களின் வரலாறு இருக்கிறது. முத்துக்குளிப்பின் பெயரைச் சுமந்த சிலாவத்துறையும் அரிப்பும் இருக்கின்றன. தீவின் தென்கரையில் 2020 இல் எழுந்த 30 காற்றாலைகள் இருக்கின்றன; அவற்றால் மீன்பாடும் வெள்ளநீர் வடிவதும் பாதிக்கப்படுகின்றனவா என்று மக்கள் எழுப்பும் கேள்விகளும், அக்கேள்விகளுக்கு நிபுணர்களை நேரில் அமர்த்திப் பதில் பெறவேண்டிய தேவையும் இருக்கின்றன.

இன்று யார் அன்ரனா வைத்திருக்கிறார், எல்லாம் கைத்தொலைபேசியில் வந்துவிட்டதே என்ற மறுப்பு நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கலாகாது. கூரைகளில் செய்மதித் தட்டுகள் வந்துவிட்டன. 1993 இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியும் அதன் பின் வந்தவையும் அவற்றின் வழியே வருகின்றன. மன்னாரின் இளைஞர் சிலர் தம் ஊரின் செய்திகளை யூடியூப்பில் தாமே வெளியிடுகின்றனர். ரொஸ் முக் மக்கள் செய்ததைத்தான் இவர்களும் செய்கிறார்கள், அவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் சம்பளமின்றி, பாதுகாப்பின்றி, ஒரு வழக்குக்கு நிற்பதற்கும் சட்டத்தரணி இன்றி இயங்கும் தனிமனிதரின் தோளில் ஒரு மாவட்டத்தின் பொதுக்குரலை ஏற்றிவைத்துவிட்டு, வரிப்பணத்தில் இயங்கும் ஒளிபரப்பு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ளலாமா? இணையத் தரவுக்குக் கட்டணம் செலுத்த முடிந்தவருக்கே செய்தி என்றாகிவிட்டால், கடற்கரைக் கொட்டிலில் இருப்பவருக்கு என்ன மிஞ்சும்?

இக்கேள்விகள் இன்று எழுப்பப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. இன்னொரு மாற்றத்தின் ஆண்டு இலங்கையின் வாசலில் நிற்கிறது. அனலாக் எனப்படும் பழைய ஒளிபரப்பு முறையை விட்டு டிஜிற்றல் முறைக்கு மாறுவதற்கு, ஜப்பானின் தொழில்நுட்ப நியமத்தை இலங்கை 2014 இல் தெரிவுசெய்தது. மாற்றம் இன்னும் முழுமை பெறவில்லை. இந்தியா தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022 அளவில் நிறுத்திவிட்டது. அயர்லாந்து இம்மாற்றத்தை எப்படிச் செய்தது? 2012 ஒக்டோபர் 24 ஆம் திகதி அயர்லாந்துக் குடியரசும் வட அயர்லாந்தும் ஒரே நாளில் அனலாக் ஒளிபரப்பை அணைத்தன. எல்லையைக் கடந்து வழிந்த அலையைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவந்த மக்கள் அதை இழந்துவிடக் கூடாது என்பதற்காக, இரு அரசுகளும் 2010 இல் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்து, டி.ஜி.4 உள்ளிட்ட அலைவரிசைகள் வடக்கிலும் கிடைக்க வழிசெய்தன. அதற்கும் முன்பே, வட அயர்லாந்தின் முப்பதாண்டுக் கால வன்முறைக்கு முடிவு தேடிய 1998 ஆம் ஆண்டின் பெல்ஃபாஸ்ற் சமாதான உடன்படிக்கையிலேயே, ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி வடக்கில் பரவலாகக் கிடைக்கச் செய்யும் வழியை ஆராய்வது என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு சமாதான உடன்படிக்கையில் தொலைக்காட்சிக்கு இடம் இருந்தது! பாக்கு நீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் 1974 இலும் 1976 இலும் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கைகள் கடலில் கோடு வரைந்தன. அக்கோட்டின் மேலே வானில் போய்வரும் அலையைப் பற்றியோ, அதைப் பார்த்து வாழும் மக்களைப் பற்றியோ அவை பேசவில்லை.

டிஜிற்றல் முறையில், முன்பு ஓர் அலைவரிசைக்குப் போதுமாயிருந்த அதிர்வெண் இடத்தில் பல அலைவரிசைகளை அனுப்பலாம். இடம் இல்லை, ஆகவே தமிழுக்குச் சிறு நேரமே என்று 1982 இல் சொல்லக்கூடியதாக இருந்த காரணத்தைத் தொழில்நுட்பம் எடுத்துவிட்டது. இலங்கை தெரிவுசெய்த ஜப்பானிய நியமத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு: அனர்த்த எச்சரிக்கைச் சமிக்ஞை. நிலநடுக்கமோ ஆழிப்பேரலையோ புயலோ அண்மிக்கும்போது, அதற்கென அமைந்த பெட்டிகள் உறக்கநிலையில் இருந்தாலும் அச்சமிக்ஞை அவற்றைத் தானாகவே இயங்கச் செய்து, எந்த மாவட்டத்துக்குரிய எச்சரிக்கையோ அந்த மாவட்டத்துக்கு மட்டும் அதைக் காட்ட வல்லது. 1964 இன் புயலை நினைவுவைத்திருக்கும் முதியவர்களும், 2004 இன் ஆழிப்பேரலையைக் கண்டவர்களும் இக்கரையில் வாழ்கிறார்கள். இதன் அருமை அவர்களுக்கு விளங்கும்.

ஆகவே இத்திட்டம் கொழும்பில் வரையப்படும்போது, பிரதேச சபைகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் பாடசாலைகளும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் ஒன்றுசேர்ந்து எழுத்தில் கேட்க வேண்டியவை உள்ளன. தலைமன்னார் முனையையும் முசலியின் தெற்கு ஊர்களையும் எட்டும்படி ஒளிபரப்பி எங்கே நிறுவப்படும்? புதிய முறைக்குத் தேவையான பெட்டியை வாங்க முடியாத குடும்பங்களுக்கு அது எவ்வாறு கிடைக்கும்? அரச தமிழ் அலைவரிசை ஒன்றின் தயாரிப்பு நிலையம் மன்னாரில் அமையுமா, அமைந்தால் அதில் வேலைக்கு அமர்த்தப்படுவோர் யார்? நள்ளிரவில் பெட்டி தானாக விழித்து எச்சரிக்கையைக் காட்டும்போது, பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் வங்காலையிலும் உறக்கம் கலைந்து எழுந்து வருபவர்கள் அத்திரையில் எந்த மொழியைக் காண்பார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெறும்வரை, பழைய ஒளிபரப்பு இக்கரையில் அணைக்கப்படக் கூடாது என்ற வேண்டுகோளை இந்த அவை இன்றே தீர்மானமாக நிறைவேற்றி, ஊடகத்துறை அமைச்சுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் தமிழிலேயே எழுதி அனுப்பலாம்.